ஜிப்சம் போர்டு மூலை: எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிட்டு டேப்பை எடுங்கள்

ஜிப்சம் போர்டு வேலையின் தரத்தைப் பார்க்க நடுச்சுவரைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை. போர்டு தொழிற்சாலையிலிருந்தே சமமாக வருகிறது. போர்டைத் தாங்குகிற தகரச் சேனல் நேராக இருந்து, ஸ்க்ரூவும் சரியாக முடுக்கியிருந்தால் அந்தப் பரப்பு யார் செய்தாலும் தேறிவிடும். கைவேலை இருப்பது மூலையில். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மாடி அறையை இரண்டாகத் தடுக்கிறார்கள், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள், பழைய ஓட்டு வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) ஒரு ஆபீஸ் ரூம் எடுக்கிறார்கள். பெயிண்ட் அடித்த அன்றைக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கும். கொஞ்ச மாதம் கழித்து மூலையில் மட்டும் ஒரு ஹேர் கிராக் மேலிருந்து கீழாக ஓடியிருக்கும்.

"ஏனுங்க மேஸ்திரி, இது மேல கொஞ்சம் பட்டி வெச்சு இழுத்துட்டா மறைஞ்சுருமுங்களா?"

"மறைஞ்சுருமுங்க. ஆடிக்குள்ள மறுபடி வந்துருமுங்க."

அந்த மேஸ்திரி சொல்வது சரி. மூலை வெடிப்பது பெரும்பாலும் பட்டி குறைவதால் நடப்பதில்லை. அங்கே சேர்கிற இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைவதில்லை என்பதுதான் காரணம். அதனால் கருவியைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மூலையில் எது எதோடு சேர்கிறது? போர்டும் போர்டும் சேரும் உள்மூலைக்கு ஒரு வைத்தியம். போர்டும் போர்டும் சேரும் வெளிமூலைக்கு வேறு. போர்டும் செங்கல் சுவரும் சேரும் இடத்துக்கு முற்றிலும் வேறு. இந்த மூன்றாவதை முதலாவது போலவே டேப் ஒட்டி இழுத்துவிடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு. ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

நம் வீடுகளில் முழு வீட்டையும் போர்டால் கட்டுவதில்லை. நாலு பக்கமும் சிமென்ட் பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட், நடுவில் ஒரு போர்டு தடுப்பு, அவ்வளவுதான். மெட்டல் ஸ்டட்டில், அதாவது செங்குத்தான தகரச் சட்டத்தில், நிற்கிற தடுப்பு கதவை அறைந்து சாத்தினாலே கொஞ்சம் அதிரும். செங்கல் சுவர் அசையாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. சித்திரை வெயிலில் கூரைத் தளம் பகலில் நீண்டு இரவில் சுருங்கும். கான்கிரீட் 1 டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 0.01 மி.மீ. நீளும். 10 மீட்டர் தளத்துக்கு 20 டிகிரி வித்தியாசம் என்றால் 2 மி.மீ. காகித டேப்பும், ஜாயின்ட்டில் பூசுகிற காம்பவுண்ட் என்ற கலவை 1 மி.மீட்டரும் தினமும் அந்த 2 மி.மீட்டரைத் தாங்காது. எவ்வளவு நல்ல கை போட்டாலும் தாங்காது.

அதனால் இந்த மூலையைக் கெட்டியாக ஒட்டவே கூடாது. போர்டைச் சுவரில் முட்டவிடாமல் 5 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் தூக்குக்கு, அதாவது நேர் செங்குத்தாக, நிற்பதில்லை. மேலே ஒட்டியிருந்தால் கீழே ஒரு விரல் விட்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் போர்டைத் தூக்குக்கு நிறுத்தி வைத்து, சுவரின் வளைவைப் பென்சிலால் போர்டில் இழுத்து, அந்தக் கோட்டிலேயே அறுத்தால் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் வரும். அறுத்த விளிம்பில் எல் பீட் (விளிம்பை மூடுகிற எல் வடிவப் பட்டை) மாட்டி, அதன் முகத்தை மட்டும் காம்பவுண்டால் நிரப்பி முடியுங்கள். நிரப்பும்போது பக்கத்துச் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது நல்லது. காம்பவுண்ட் துளி இடைவெளியைத் தாண்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டால் செய்ததெல்லாம் வீண்.

பிறகு இடைவெளிக்குள் ஃபோம் கயிறை அமுக்கிவிட்டு, அதன்மேல் பெயிண்ட் ஏற்கிற அக்ரிலிக் சீலண்ட் அடிக்க வேண்டும். ஃபோம் கயிறு செலவைக் குறைக்க வைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. சீலண்ட் இரண்டு பக்கமும் மட்டும் ஒட்டியிருந்தால்தான் ரப்பர் போல இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லாமல் கிழியும். அக்ரிலிக் காயும்போது உள்வாங்கும் என்பதால் மறுநாள் இன்னொரு இழுப்பு தேவைப்படலாம். சிலிக்கான் வேண்டாம். அதன்மேல் பெயிண்ட் நிற்காது. தடுப்பின் தலைப்பக்கம் கான்கிரீட்டைத் தொடுகிற இடத்திலும் இதே கதைதான். ஸ்டட்டை மேல் சேனலுக்குள் 10 முதல் 12 மி.மீ. குட்டையாக விடுங்கள், போர்டை மேல் சேனலில் ஸ்க்ரூ முடுக்காதீர்கள். தளம் மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும்.

சுவருக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே 10 மி.மீ. இடைவெளியைத் தெரியவே விட்டுவிடுகிற வழியும் உண்டு. நிழற்கோடு போலத் தெரியும், கிராக் வர அங்கே ஒன்றுமே இருக்காது. பழைய வீடுகளில் சுவர் கோணலாக இருந்தால் இந்த இடைவெளி அகலம் மாறுவது கண்ணுக்குப் பட்டுவிடும். சுவர் நேராக உள்ள வீட்டுக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து போர்டும் போர்டும் சேரும் உள்மூலை. இதற்குக் காகித டேப்தான். 50 மி.மீ. அகலம், நடுவில் மடிப்புக் கோடு இருக்கும். கடைக்காரர் ஃபைபர் மெஷ் டேப்பை எடுத்துக் கொடுப்பார், "இது தானா ஒட்டிக்குமுங்க, வேலை சுருக்கா முடியும்" என்பார். நேர் ஜாயின்ட்டில், அதுவும் தண்ணீரில் கலந்ததும் இறுகுகிற பொடிக் காம்பவுண்டோடு மட்டும், மெஷ் சரி. மூலைக்கு ஆகாது. அதற்கு மடிப்பு இல்லாததால் மூலை வளைந்து உருண்டையாக வரும். பிளேடின் முனை பட்டால் நூல் அறும், உப்புத்தாள் போட்டால் நூல் வெளியே எட்டிப் பார்க்கும்.

முதலில் போர்டுகளுக்கு இடையே உள்ள சந்தைப் பாருங்கள். 3 மி.மீட்டருக்கு மேல் இருந்தால் டேப்புக்கு முன்பே காம்பவுண்ட் வைத்து நிரப்பி, இறுகவிட வேண்டும். வெற்றுச் சந்தின் மேல் ஒட்டிய டேப் காயும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்க்ரூ தலைகள் காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்வாங்கி இருக்கின்றனவா என்று பிளேடை ஓட்டிப் பாருங்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் அந்தத் தலை வெளியே நிற்கிறது. அறுத்த தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், தூசியில் எதுவும் ஒட்டாது.

டேப்பை உயரத்துக்கு வெட்டி மடிப்பில் மடித்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பின் மேடான பக்கம் சுவரைப் பார்க்க வேண்டும். மூலையின் இரண்டு பக்கமும் 3 அங்குல அகலத்துக்குக் காம்பவுண்ட் தடவி, டேப்பை மேலிருந்து விரலால் அமுக்கிக்கொண்டே வாருங்கள். பிறகு 4 அங்குல பட்டி பிளேடால் ஒரு பக்கம் ஓர் இழுப்பு, மறுபக்கம் ஓர் இழுப்பு. அதிகப்படி பிதுங்கி வரும், அதை வழித்துவிடலாம். ஆனால் டேப்புக்கு அடியில் 1 மி.மீ. அளவுக்காவது காம்பவுண்ட் மிஞ்ச வேண்டும். பலமாக அமுக்கி எல்லாவற்றையும் வழித்துவிட்டால் அந்த இடத்தில் காகிதம் உலர்ந்து கிடக்கும், பின்னால் குமிழ் போல எழும்பும். குமிழ் தெரிந்தால் மேலே பூசி மறைக்காதீர்கள். பிளேடால் அந்தத் துண்டை அறுத்து எடுத்து, புதுத் துண்டு ஒட்டுங்கள்.

இரண்டாவது கையில், அதாவது இரண்டாவது பூச்சில், பொறுமை வேண்டும். ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும் பூசுங்கள். அது காய்ந்த பிறகு மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஈரமாக வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை இழுத்தால் பிளேடின் முனை எதிர்ப்பக்கத்தில் கோடு போடும், அதைச் சரிசெய்யப் போனால் இந்தப் பக்கம் கெடும். உள்மூலைக் கரண்டி என்று 90 டிகிரியில் மடித்த கருவி வருகிறது. புதுத் தடுப்பில் நன்றாக ஓடும், மூலைமட்டம் வைத்தால் சரியாகப் பொருந்தாத பழைய வீட்டில் அது ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போகும். அங்கே சாதாரண 6 அங்குல பிளேடே மேல்.

மூன்று பரப்புகள் சேருகிற உச்சியில் டேப் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீலிங் ஓரத்து டேப்பை முதலில் ஒட்டிவிட்டு, செங்குத்து டேப்பை அதைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினால் போதும்.

வெளிமூலைக்கு வருவோம். ஆள் இடிப்பதும் நாற்காலி இடிப்பதும் இங்கேதான். எனவே இங்கே காகிதம் மட்டும் போதாது, கார்னர் பீட் வேண்டும், அதாவது மூலையின் மேல் கவிழ்க்கிற நீளக் கோணப் பட்டை. அதன் மடிந்த முனை மூக்கு, இரண்டு பக்கமும் விரிவது இறக்கை. கடையில் கார்னர் பீட் என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். இறக்கை முழுக்கக் கம்பி வலையாக விரிந்திருப்பது சிமென்ட் பூச்சுக்கானது. அதன் மூக்கு 10 மி.மீட்டருக்கு மேல் பூச்சு ஏறும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. போர்டில் அதை மாட்டினால் மூலை புடைத்து நிற்கும். போர்டுக்கு வேண்டியது சிறு துளைகள் போட்ட தட்டையான இறக்கை உள்ள துத்தநாகம் பூசிய பீட், அல்லது காகிதம் ஒட்டிய மெட்டல் பீட், அல்லது பிவிசி. இதில் காகிதம் ஒட்டியதுதான் எங்கள் தேர்வு. காம்பவுண்டிலேயே ஒட்டிக்கொள்வதால் இறக்கையின் விளிம்பில் கிராக் வருவது குறைவு. வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் உள்ள இடத்திலும் பாத்ரூம் வாசலிலும் பிவிசி போடுங்கள். தகரத்தை வெட்டிய இடத்தில் துத்தநாகம் இருக்காது, தண்ணீர் பட்டால் அங்கிருந்து துரு ஏறி பெயிண்டில் மஞ்சளாகக் கசியும்.

பீட்டைத் தகரம் வெட்டும் கத்தரியால் உயரத்தைவிட 10 மி.மீ. குட்டையாக வெட்டி, மேலே முட்டக் கொடுத்து, அந்த இடைவெளியைக் கீழே விடுங்கள். தரையில் ஊன்றி நின்றால் தரை சற்று அசைந்தாலும் பீட் மேலே தள்ளப்பட்டு வளையும். போர்டும் அப்படியே, தரையிலிருந்து 10 மி.மீ. மேலேதான் நிற்க வேண்டும். கழுவுகிற தண்ணீரை ஜிப்சம் உறிஞ்சி மேலே ஏற்றும். ஸ்கர்ட்டிங் ஒட்டினால் அந்த இடைவெளி தெரியாது. பழைய சுவரில் ஓதம் அடிக்கிற வீடாக இருந்தால் அந்த ஓதத்துக்கு வழி பார்த்த பிறகே போர்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

ஸ்க்ரூவில் பிடிக்கிற பீட்டை முடுக்கும்போது 6 முதல் 9 அங்குலத்துக்கு ஒன்றாக, இரண்டு இறக்கையிலும் எதிரெதிராகப் பிடிக்க வேண்டும். ஒரு இறக்கையை முழுதும் முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பீட் திரும்பிக்கொள்ளும். ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்கினாலும் மூக்கு உள்ளே இழுபடும். ஒவ்வொரு பிடிப்புக்கும் ரசமட்டத்தையோ தூக்குக்குண்டையோ வைத்துப் பாருங்கள். பிடித்து முடித்ததும் நேரான பிளேடின் ஒரு முனையை மூக்கிலும் மறுமுனையைப் போர்டிலும் வைத்தால் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளிதான் காம்பவுண்டுக்கான இடம். எங்காவது பிளேடு இறக்கையில் தட்டினால் அந்த இடத்தில் எத்தனை கை பூசினாலும் இரும்பு தெரியும்.

பூச்சு மூன்று கை. முதல் கை 6 அங்குல பிளேடு, மூக்கிலும் போர்டிலும் சாய்த்து இழுத்து நிரப்புவது. இரண்டாவது 8 அல்லது 10 அங்குலம். மூன்றாவது 12 அங்குலம், மெல்லியதாக. அகலம் கூடக் கூடச் சரிவு கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒரே கையில் தடிப்பாக அப்பினால் காயும்போது சுருங்கி மூக்கின் ஓரத்தில் பிளக்கும்.

எவ்வளவு பொடி வாங்குவது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். மூக்கு 1.5 மி.மீ. உயரம், பூச்சு 250 மி.மீட்டரில் போய்ச் சேர்கிறது என்றால் அந்த முக்கோணத்தின் பரப்பு ஒரு பக்கத்துக்கு 187 சதுர மி.மீ., இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து சுமார் 375. ஒரு மீட்டருக்கு ஒரு பெரிய டம்ளர் நிறைய, அதாவது 0.375 லிட்டர். 9 அடி மூலைக்கு ஒரு லிட்டர் கலவை. வழித்துப் போடுவது, வாளியில் இறுகுவது எல்லாம் சேர்த்து ஒரு வெளிமூலைக்கு ஒன்றரைக் கிலோ பொடி வைத்துக்கொள்ளுங்கள். உள்மூலைக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ. இந்தக் கணக்குத் தெரிந்தால் நாலு மூலைக்கு மூட்டை மூட்டையாக இறக்க வேண்டியிராது.

ஃபால்ஸ் சீலிங்கின் தொங்கல் விளிம்பும் வெளிமூலைதான், படுக்கைவசத்தில். அங்கே ரசமட்டத்தைவிட நூல் பிடிப்பது நல்லது. அரை அங்குலம் அலை இருந்தாலும் எல்இடி பட்டை எரியும்போது முழுதும் காட்டிக்கொடுக்கும். 90 டிகிரி அல்லாத சரிவு மூலைகளுக்கு, உள்ளே இரண்டு மெட்டல் பட்டை ஓடுகிற வளையும் டேப் கிடைக்கிறது. எந்தக் கோணத்துக்கும் மடியும். கதவு நிலையின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற கிராக்குக்கு மட்டும் எந்த டேப்பும் மருந்தாகாது. போர்டின் ஜாயின்ட் நிலையின் மூலைக்கு நேராக வந்ததுதான் அதற்குக் காரணம். போர்டை எல் வடிவில் அறுத்து நிலையைச் சுற்றிப் போட்டு, ஜாயின்ட்டை நிலையின் நடுப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும்.

காம்பவுண்டில் இரண்டு வகை. பொடியாக வந்து தண்ணீரில் கலந்ததும் இறுகுவது ஒன்று, டப்பாவில் குழைத்தே வந்து காற்றில் காய்வது மற்றொன்று. நிரப்பவும் டேப் ஒட்டவும் இறுகுவது, கடைசிக் கைக்குக் காற்றில் காய்வது என்று பிரித்துக்கொண்டால் தேய்ப்பது சுலபம். பாரிஸ் பிளாஸ்டரைக் குழைத்து டேப் இல்லாமல் அப்புவது இன்றும் நடக்கிறது. அது நொறுங்கும் பொருள், சிறு அசைவுக்கே வெடிக்கும். வெள்ளை சிமென்ட் பட்டியையும் ஜாயின்ட்டுக்குள் விடாதீர்கள். சிமென்ட்டும் ஜிப்சமும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாகிற பொருள் உப்பி, ஒட்டு விட்டுப்போகும்.

கலக்கும் தண்ணீர் நம் பக்கத்தில் பெரிய விஷயம். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் போர் தண்ணீர் உப்பாகவே இருக்கும். அந்த உப்பு இறுகும் நேரத்தை மாற்றிவிடும், பெரும்பாலும் சீக்கிரம் இறுகச் செய்யும். காய்ந்த பிறகு மேலே வெள்ளையாகப் பூத்து பெயிண்டைத் தள்ளும். சிறுவாணியோ அத்திக்கடவோ, குழாயில் வருகிற நல்ல தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஏறக்குறைய இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர், சரியான அளவு மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டுக் குழைத்தால் பிளேடைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும். முந்தின கலவை ஒட்டிய வாளியில் புதுக் கலவை போடாதீர்கள். இறுகிப்போன ஜிப்சத்தின் படிகங்கள் புதியதையும் வேகமாக இறுக்கும். அரை மணி வேலை நேரம் பத்து நிமிடமாகிவிடும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது பொடியாய் உதிரும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று உடுமலை, பல்லடம் காற்றாலைகளுக்கு நல்லது, ஈரக் காம்பவுண்டுக்கு ஆகாது. மேல்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்று, மூலை முழுக்க வலைபோல வெடிக்கும். அந்த மாதங்களில் மேற்குச் சன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள், ஃபேனையும் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிர்ச்சிக்கல். டப்பாக் காம்பவுண்ட் ஒரு நாளில் காய வேண்டியது இரண்டு நாள் ஆனாலும் நடுவில் கறுப்பாக ஈரம் தெரியும். முழுதும் ஒரே வெள்ளையாக மாறும்வரை அடுத்த கை வேண்டாம். சம்பளக் கணக்குப் பார்த்து அவசரப்படுத்துகிற வீட்டுக்காரர்கள் இந்த ஓர் இடத்திலாவது பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தேய்க்க 150ஆம் நம்பர் உப்புத்தாள், கடைசியில் 220. உள்மூலையில் ஸ்பாஞ்சில் ஒட்டிய உப்புத்தாள் நல்லது, மடித்த தாளின் விளிம்பு எதிர்ப்பக்கத்தைக் கீறும். போர்டின் காகிதம் பஞ்சுபோல எழும்பினால் தேய்த்தது அதிகம். மூக்குக்குத் துணி கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் போடுங்கள். தேய்த்தபின் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும், பென்சிலால் வட்டம் போட்டுத் திருத்தலாம். அமெரிக்க ஜிப்சம் சங்கத்தின் தர வரிசை 0 முதல் 5 வரை போகிறது. மேட் பெயிண்டுக்கு 4 போதும். பளபளப்பான பெயிண்டுக்கும், பக்கவாட்டு வெளிச்சம் விழுகிற சுவருக்கும் பரப்பு முழுதும் ஒரு மெல்லிய கை இழுக்கிற 5 வேண்டும். பெயிண்டுக்கு முன் பிரைமர் கட்டாயம். காம்பவுண்ட் ஒரு மாதிரியும் காகிதம் ஒரு மாதிரியும் பெயிண்டை உறிஞ்சும் என்பதால் பிரைமர் இல்லாமல் மூலைப்பட்டை தனி நிறமாகத் தெரியும்.

ஏற்கெனவே கிராக் விட்ட மூலையைத் திருத்துவதென்றால், போர்டும் சுவரும் சேருகிற இடத்தில் கத்தியால் 5 மி.மீ. அகலத்துக்கு அறுத்துத் திறந்து, பழைய டேப்பை உரித்து, ஃபோம் கயிறும் சீலண்டும் போடுங்கள். வெளிமூலையில் பீட் நசுங்கியிருந்தால் சுத்தியலால் தட்டி நேராக்கப் பார்க்காதீர்கள், இறக்கை முழுக்க ஒட்டு விடும். நசுங்கலுக்கு மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டு ஹேக்ஸா பிளேடால் அறுத்து எடுங்கள். அதே வகைப் பீட்டில் துண்டு வெட்டி வைத்து, இரண்டு ஜாயின்ட்டிலும் மூக்கு ஒரே கோட்டில் வருகிறதா என்று நீளமான மட்டக்கோலை வைத்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.